பொத்தானை அமுக்கியாயிற்று, ஐயா

அனுப்புநர்: காவிரிப் பாசனப் பகுதி மனுதாரர்கள், தஞ்சாவூர்.

பெறுநர்: நிர்வாகத்தார், மிஷன் ஸ்பேஸ் சவாரி, எப்காட், வால்ட் டிஸ்னி வேர்ல்ட், புளோரிடா, அமெரிக்கா.

பொருள்: தங்கள் சவாரி பற்றி ரசிகர்கள் சொல்லிவரும் கருத்துகள் மீது, அனுபவஸ்தர்கள் என்ற முறையில் அபிப்பிராயம் தெரிவித்தல் மற்றும் சில கோரிக்கைகள் வைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மனுதாரர்கள் மனு எழுதிப் பழகியவர்கள். தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மாதம் ஒரு தடவை விவசாயிகளுக்கென்று தனிக் கூட்டம். வாய்க்கால் தூர்வாரவில்லை என்பதில் தொடங்கி, கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை என்பது வரை அவர்கள் எழுதாத விஷயம் கிடையாது. கடல் தாண்டி எழுதுவது மட்டும் இதுவே முதல் தடவை. உள்ளூர், சென்னை, டெல்லி என்று இருந்த முகவரிகள் எல்லாம் தீர்ந்துபோனதால் புளோரிடா வரை வர நேர்ந்தது; தவறாக நினைக்க வேண்டாம்.

மனுதாரர்களில் யாரும் தங்கள் சவாரியில் ஏறியதில்லை. ஏற வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. ஆனால் 2003இல் அது திறந்த நாளிலிருந்து ரசிகர்கள் அதைப் பற்றிப் போடும் சண்டையைக் கவனித்து வருகிறார்கள். 2036ஆம் ஆண்டில் நடப்பதாக வைத்துக்கொள்ளும் விண்வெளிப் பயிற்சி அது. ஒரு சுழல் எந்திரத்தைச் சுற்றிப் பத்துக் கூண்டுகள், கூண்டுக்கு நாலு பேர், அப்படி நாலு எந்திரங்கள். ஏறுகிறவர்களுக்குத் தளபதி, விமானி, வழிகாட்டி, பொறியாளர் என்று ஆளுக்கொரு பதவி. கதவு மூடியதும் திரையும் பலகையும் முகத்துக்கு நேரே நெருங்கி வந்து நிற்கும். எந்திரம் சுழலும், உள்ளே இருப்பவருக்குச் சுழல்வதே தெரியாது. கூண்டு சாய்ந்து கொடுப்பதால் சுழற்சியின் விசையும் புவியீர்ப்பும் ஒன்றாகச் சேர்ந்து மார்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ராக்கெட் கிளம்பிவிட்டது என்று உடம்பு நம்பிவிடும். தலையைத் திருப்பாதீர்கள், கண்ணை மூடாதீர்கள், திரையையே பாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறீர்கள். கேட்காமல் பக்கத்தில் இருக்கும் மச்சானைத் திரும்பிப் பார்த்தால், காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் ஒரு கதை சொல்ல, கண் வேறு கதை சொல்ல, குடல் தன் முடிவைத் தானே எடுக்கும். அதற்காகத்தான் இருக்கைக்கு முன்னால் பை வைத்திருக்கிறீர்கள். இந்த முன்யோசனை மனுதாரர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

ரசிகர்கள் பல கட்சியாக இருக்கிறார்கள். ஆரஞ்சு அணி என்கிற முழுச் சுழற்சிதான் சவாரி, மற்றதெல்லாம் பால்வாடி என்பது ஒரு கட்சி. ஒரு தடவை ஏறியது போதும், அன்றைய பொழுதே போய்விட்டது என்பது இன்னொன்று. 1983 முதல் 1999 வரை அதே இடத்தில் ஓடிய ஹொரைசன்ஸ் சவாரியை இடித்ததை இன்னும் மன்னிக்காதவர்கள் மூன்றாவது. எந்த ஊரிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள், டீக்கடை அவர்களால்தான் ஓடுகிறது. பக்கத்திலேயே 2021இல் ஸ்பேஸ் 220 என்று ஓர் உணவகம் திறந்தீர்களே, சாப்பிட்டுவிட்டு ஏறுவதா, ஏறிவிட்டுச் சாப்பிடுவதா என்ற விவாதமும் உண்டு. இதில் மனுதாரர்கள் தலையிட விரும்பவில்லை.

அவர்கள் தலையிட விரும்புவது தீவிரம் என்ற விஷயத்தில். தங்கள் எந்திரம் தருவது உடல் எடையைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு அழுத்தம். பெரிய ரோலர் கோஸ்டர்கள் இதைவிடக் கூடுதலாகவே தருகின்றன. ஆனால் அங்கே அது கண் இமைக்கும் நேரம். தங்கள் கூண்டில் அழுத்தம் விட்டபாடில்லை, அதனால்தான் ஆளை அடித்துப் போடுகிறது என்று விவரம் தெரிந்த ரசிகர்கள் சொல்கிறார்கள். மிகச் சரி. எங்கள் காவிரி டெல்டாவில் இதை விளக்கவே வேண்டாம்.

இங்கே சவாரி ஜூன் 12இல் தொடங்க வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் அது. அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதற்குப் பல வாரம் முன்பிருந்தே காலையில் பேப்பரைப் பிரித்ததும் கண் முதலில் போவது நீர்மட்டத்துக்கு. கவுன்ட்டவுன் இங்கே பத்திலிருந்து சைபருக்கு இறங்காது. ஒரு நாள் ஏறும், மறுநாள் நின்ற இடத்தில் நிற்கும். 2024இல் ஜூன் 12 வந்தது, தண்ணீர் இல்லை, அணை திறக்கவில்லை. குறுவைக்கு ஆழ்துளைக் கிணறு இருந்தவர் நட்டார், இல்லாதவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலை 28இல் திறந்தார்கள். ஜூலை 30இல் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது. உபரி நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போயிற்று. வறட்சியிலிருந்து வெள்ளத்துக்கு இரண்டே நாள். இந்த வேகத்தைத் தங்கள் பொறியாளர்கள் காகிதத்தில்கூட வரைந்திருக்க மாட்டார்கள்.

சவாரியின் கடைசிக் கட்டத்தைப் பற்றியும் ரசிகர்களுக்குக் குறை இருக்கிறது. செவ்வாயில் இறங்கும்போது கலம் தடுமாறி, ஒரு பள்ளத்தின் விளிம்பில் போய் நிற்கிறதாம். அது மிகையாக இருக்கிறதாம். ஐயா, 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் இங்கே சம்பா அறுவடைக்கு நின்றது. ஆறு மாதம் ஓடி முடித்த பயிர், கதிர் முற்றி, இயந்திரம் வயலில் இறங்கப்போகிற நேரம். பருவம் தப்பிய மழை பெய்து, படுத்த கதிர் தண்ணீருக்குள்ளேயே முளைவிட்டது. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஆகவே கடைசிக் கட்டம் மிகை அல்ல என்று மனுதாரர்கள் தங்களுக்குச் சான்று வழங்குகிறார்கள். விளிம்பில் நிற்கிறதே, அதுதான் சலுகை.

அப்படியே தப்பித்துக் கரையேறிய நெல்லுக்கும் ஒரு கூண்டு உண்டு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் அம்பாரமாகக் கொட்டி, தார்ப்பாயைப் போர்த்தி, அதன் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டு ராத்திரி காவல் இருக்கிறார் ஒருவர். முறை வந்ததும் ஒரு கைப்பிடி நெல் ஈரப்பதக் கருவிக்குள் போகிறது. உள்ளங்கை அகலத் திரையில் எண் மினுங்குகிறது. 17 சதவீதத்துக்குள் நின்றால் வாங்குவார்கள். பதினேழரை என்று காட்டினால் மறுபடி அள்ளி, தார்ச்சாலையில் பரப்பி, காலால் அளைந்து அளைந்து காயவைக்க வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர் அதன்மேல் ஏற்றிக்கொண்டே ஹாரன் அடிப்பார். காய்ந்து முடிவதற்குள் வானம் இருட்டிக்கொள்ளும். 2025 அக்டோபரில் குறுவை நெல் இப்படித் தேங்கியபோது 22 சதவீதம் வரை அனுமதிக்கும்படி மாநில அரசு கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்தன. மாதிரி எடுக்கும்போதும் நெல் நனைந்துகொண்டுதான் இருந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள் என்று தங்கள் ஆட்கள் சொல்லித்தான் கேட்கிறார்கள். இங்கே யாரும் சொல்லவே வேண்டாம்.

பகடி செல்லாத ஓர் இடம் தங்கள் வரலாற்றில் உண்டு. 2005இல் ஒரு சிறுவனும் 2006இல் ஒரு பெண்மணியும் சவாரிக்குப் பின் இறந்தார்கள். இருவருக்குமே முன்பே உடல்நலக் கோளாறு இருந்தது பிறகு தெரிந்தது. 2006 மே மாதத்தில் சுழற்சியே இல்லாத பச்சை அணியைக் கொண்டுவந்தீர்கள். விருப்பப்பட்டவர் ஆரஞ்சு, முடியாதவர் பச்சை. 2017இல் பச்சைக்குப் பூமியைச் சுற்றிவரும் புதுக் கதையே எழுதிக் கொடுத்தீர்கள். பச்சையில் விறுவிறுப்பு இல்லை என்று இளவட்ட ரசிகர்கள் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலியைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம் என்பது மனுதாரர்களின் முதல் கோரிக்கை. இரண்டு வரிசை இருப்பதன் அருமை, ஒரே வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

தங்கள் இருக்கைக்கு முன்னால் இருப்பதுபோல் இங்கும் பை உண்டு, இல்லாமல் இல்லை. 2016 முதல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் இழப்பைப் பெரும்பாலும் கிராமத்தை ஓர் அலகாக வைத்து, பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். தங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், கூண்டில் ஒருவர் மட்டும் வாந்தி எடுத்தால் பை கிடைக்காது. நாலு பேரும் சேர்ந்து எடுக்க வேண்டும். அதையும் வருவாய்த் துறை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது பொத்தான் விஷயம். மனுவின் உயிர்நாடி இதுதான்.

சவாரி நடுவில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு வேலை வருகிறது. இன்ன பொத்தானை இப்போது அமுக்கு என்று குரல் சொல்லும். பொத்தானில் விளக்கு எரியும். அமுக்கினால் நடந்ததாகத் திரை காட்டும். அமுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் கணினி அதைத் தானே செய்துவிடும். கலம் அதே பாதையில் போய் அதே விளிம்பில் நிற்கும். இது தெரிந்ததும் பல ரசிகர்கள் மனமுடைந்து போனார்கள். பதவி கொடுத்தார்கள், பொத்தானும் கொடுத்தார்கள், கம்பியை மட்டும் இணைக்கவில்லையே என்பது அவர்கள் ஆதங்கம்.

டெல்டாக்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. காவிரி நீருக்கான 1924 ஒப்பந்தம், 1990இல் அமைத்த நடுவர் மன்றம், 2007 இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று குறித்த அளவு, அதே ஆண்டு வந்த மேலாண்மை ஆணையம் என்று அவர்கள் முன்னால் எரியாத விளக்கு இல்லை. ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள். 2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் 40 நாளுக்கு அமுக்கினார்கள். மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டும், எலியை வாயில் கவ்விக்கொண்டும் அமுக்கினார்கள். மழை பெய்த வருஷம் கலம் ஒழுங்காகப் போனது. பெய்யாத வருஷம் சுற்றியது. பொத்தானுக்கும் பாதைக்கும் தொடர்பு உண்டா என்பது தங்கள் ரசிகர்களுக்கு வேண்டுமானால் புதுக் கேள்வியாக இருக்கலாம்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கள் பொத்தான் பதில் சொல்கிறது. தரைக்கட்டுப்பாட்டு அதிகாரியாக முன்பு நடிகர் கேரி சினீஸ், 2017 முதல் ஜீனா டோரஸ், திரையில் வந்து பெயர் சொல்லாவிட்டாலும் பதவியைச் சொல்லியாவது கூப்பிடுகிறார்கள். தஞ்சாவூரில் கிடைப்பது ரசீது எண். ஆகவே இரண்டாவது கோரிக்கை: தங்கள் தொழில்நுட்ப ஆட்களில் ஒருவரை அனுப்பி, குறைதீர் கூட்ட மேசையில் சின்னதாக ஒரு விளக்கும் ஒரு குரலும் பொருத்தித் தர வேண்டும். கம்பி இணைக்கத் தேவையில்லை. மனு வாங்கியதும் விளக்கு எரிந்து, ‘நன்றி, பொறியாளரே’ என்று ஒரு சத்தம் வந்தால் போதும்.

மூன்றாவது, தங்கள் அடுத்த சவாரி சம்பந்தப்பட்டது. 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் இள்ளலூரில் திறந்த வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவில், சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று கட்டிய ரோலர் கோஸ்டருக்குத் தஞ்சோரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காதில் விழுந்ததும் தஞ்சாவூர் ஞாபகம் வருகிறது. பெயர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, பழகிய ஆட்கள் இங்கே சும்மா இருக்கிறார்கள். தாங்கள் அடுத்த சவாரியை யோசிக்கும்போது செவ்வாய், வியாழன் என்று அலையாமல் ஒரு குறுவைப் பருவத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் அக்டோபர் வரை கதை தயார். சோதனை ஓட்டத்துக்கு ஆள் வேண்டுமானால் மனுதாரர்கள் வரத் தயார். உயரக் கட்டுப்பாட்டில் எல்லோரும் தேறுவார்கள், இரத்த அழுத்தத்தில் பாதிப் பேர் தேற மாட்டார்கள். விசா, விமான டிக்கெட் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும், நவம்பருக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும், சம்பாவுக்குக் களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
மனுதாரர்கள்.

நகல்: 1. காவிரி நீர் மேலாண்மை ஆணையம், புதுடெல்லி – தகவலுக்காக மட்டும்.
2. மாவட்ட ஆட்சியர், தஞ்சாவூர் – வரும் திங்கட்கிழமை நேரிலும் தரப்படும். ரசீது வேண்டும்.