ரயில் போன வழியில் சைக்கிள்

போன வாரம் ஒரு பதிலின் நடுவே, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லண்ட் வரை ஆற்றோரக் காட்டுப் பாதையில் நாலு நாள் சைக்கிள் மிதித்தேன் என்று ஒரு வரி எழுதித் தொலைத்தேன். அரசியல் கேள்விகள் எல்லாம் காணாமல் போய், தபால் முழுக்க சைக்கிள். ஆகவே இந்த வாரம் அதுதான்.

கேள்வி: கிராவல் பைக் என்கிறார்களே, அது சைக்கிளா, மோட்டார் பைக்கா? (வாசகர், விருதுநகர்)

சைக்கிள்தான். உடம்பும் கிடாக்கொம்பு ஹேண்டில்பாரும் பந்தய சைக்கிளுடையவை. காலில் மட்டும் தடித்த செருப்பு. பந்தய சைக்கிளின் டயர் 25, 28 மில்லிமீட்டர் அகலம் என்றால் இதற்கு 40, 45. கப்பி ரோட்டில் ஓட்டுவதற்கென்றே செய்தது. “நாங்கள் ஓட்டாத கப்பி ரோடா?” என்று நம் தபால்காரரும் பால்காரரும் கேட்டால் நியாயம்தான். அவர்கள் ஓட்டியபோது யாரும் அதற்குத் தனிப் பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் விலையும் ஏறியிருக்கும்.

கேள்வி: மலை என்கிறீர்கள், காடு என்கிறீர்கள். உங்கள் வயதில் எப்படி ஏறினீர்கள்? உண்மையைச் சொல்லவும். (வாசகி, ஈரோடு)

உண்மை என்னவென்றால், நான் ஏறவில்லை. ரயில்காரர்கள் எனக்காக எப்போதோ ஏறி வைத்துவிட்டார்கள்.

கிரேட் அலகெனி பாஸேஜ் என்ற இந்தப் பாதையின் நீளம் 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். பெரும்பகுதி கைவிடப்பட்ட ரயில் தடம். மலைப்பகுதியில் வருவது வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே 1912-ல் திறந்த தடம்; 1975-ல் இழுத்து மூடிவிட்டார்கள். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் செங்குத்தாக ஏறாது, வழுக்கும். அதனால் ஆற்றை விடாமல் பிடித்துக்கொண்டு, பள்ளத்துக்குப் பாலம் போட்டு, குறுக்கே நின்ற மலையைக் குடைந்து, நூறு அடி போனால் இரண்டு அடிகூட ஏறாதபடி தடம் போட்டிருக்கிறார்கள். மையர்ஸ்டேல் ஊர்ப் பக்கம் ஒரு பாலம், 1,908 அடி நீளம். கீழே ஆறு, நெடுஞ்சாலை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு ரயில் பாதை எல்லாம் பொம்மைக் கடை போலத் தெரிகின்றன. மேலே நான் ஒருத்தன், ஒரு மனித மிதியில். சரக்கு ரயிலுக்குக் கட்டிய பாலத்துக்கு என் எடை ஒரு பொருட்டா?

கேள்வி: எந்த முனையில் தொடங்குவது புத்திசாலித்தனம்? (வாசகர், கோவை)

நான் தொடங்கிய முனை. பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பினால் உச்சி வரை சுமார் 200 கிலோமீட்டர், ஏற்றம் ஐந்நூறு மீட்டருக்குச் சற்று மேல். கம்பர்லண்டிலிருந்து கிளம்பினால் அதே உச்சி 38 கிலோமீட்டரில் வந்துவிடும். ஏற்றம் ஏறக்குறைய அதேதான். ஒரே கடனை ஐந்து வருடத் தவணையில் கட்டுவதா, ஒரே வருடத்தில் கட்டுவதா என்பதுதான் கேள்வி.

உச்சி 2,392 அடி. நீர் பிரியும் முகடு அது. இந்தப் பக்கம் விழும் மழை ஒஹையோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு. அந்தப் பக்கம் விழுவது பொட்டோமாக் வழியாக அட்லாண்டிக்குக்கு. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். இரண்டும் அங்கேயே சுவறிவிட்டன.

கேள்வி: ஆற்றின் பெயர் என்ன? எங்கள் ஊர் கூடுதுறை மாதிரி ஏதாவது உண்டா? (வாசகர், பவானி)

ஆற்றின் பெயர் யாக்கிகேனி. ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசிக்க முயன்றால் தாடை சுளுக்கும். ஊர்க்காரர்களே ‘யாக்’ என்று முடித்துக்கொள்கிறார்கள். வடக்கு நோக்கி ஓடும் ஆறு.

கூடுதுறை உண்டு. மூன்று நீர் சேரும் இடத்தில் ஓர் ஊர். ஊரின் பெயரே ‘கான்ஃப்ளூயன்ஸ்’, அதாவது சங்கமம். நம் கூடுதுறையில் மூன்றாவது நதி கண்ணுக்குத் தெரியாது, அங்கே மூன்றும் தெரிகின்றன. அந்த அளவுக்கு அவர்களுக்குப் பக்தி குறைவு.

கொஞ்சம் கீழே ஒஹையோபைல் அருவி. 1754-ல் இளைஞர் ஜார்ஜ் வாஷிங்டன், பிரெஞ்சுக்காரர்களின் கோட்டைக்கு இந்த ஆற்றில் படகிலேயே போக முடியுமா என்று பார்க்க வந்தவர், அருவியைக் கண்டு திரும்பிவிட்டார். உயரம் 20 அடிதான். குற்றாலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அங்கே விழுவது ஆறு முழுவதும்.

கேள்வி: கரடி உண்டாமே? (வாசகி, திண்டுக்கல்)

கருங்கரடி உண்டு. எனக்குத் தரிசனம் இல்லை. பயப்பட வேண்டியது உண்ணிக்கு. எள் அளவு இருக்கும். புல்லில் உட்கார்ந்தால் காலில் ஏறி, லைம் என்ற நோயைக் கொடுத்துவிட்டுப் போகும். பென்சில்வேனியாவில் அது ஏராளம். தினமும் சாயங்காலம் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரடியாவது சொல்லிவிட்டு வரும்.

கேள்வி: டயரில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? நான் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பவன். (சைக்கிள் கடைக்காரர், தஞ்சாவூர்)

அண்ணே, உங்கள் கட்டைவிரல்தான் சரி. பந்தய டயரில் 80, 90 பவுண்டு அடிக்கும் பழக்கத்தில், முதல் நாள் இந்தத் தடித்த டயரிலும் 60 அடித்துவிட்டேன். ஒவ்வொரு பொடிக்கல்லும் முதுகெலும்பில் தனித்தனியாக வந்து ஆஜர் கொடுத்தது. மத்தியானம் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து வால்வை அமுக்கி, புஸ்ஸென்று 35-க்கு இறக்கினேன். அப்புறம் கல்லைச் சுற்றி டயரே வளைந்துகொடுத்தது. பாதை சிமென்ட் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்று: பாதையில் போட்டிருப்பது சுண்ணாம்புக்கல் பொடி. வெயிலில் அருமை. மழை பெய்தால் இட்லி மாவு. மட்கார்டு இல்லாததால் என் முதுகில் கழுத்து வரை சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. செயின் அரிசி மில் போலக் கரகரத்தது. ராத்திரி விடுதி வாசலில் அதைத் துடைக்க ஒரு பனியன் பலி.

கேள்வி: சுரங்கத்துக்குள் போனீர்களா? (மாணவி, சேலம்)

பிக் சாவேஜ் சுரங்கம், 3,294 அடி. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். வாசலுக்கு வருமுன்பே உள்ளிருந்து குளிர்காற்று வந்து வேர்வையை உறைய வைக்கிறது. உள்ளே விளக்கு போட்டிருக்கிறார்கள். ஆனாலும் கூரையிலிருந்து சொட்டும் நீர் பிடரியில் விழும்போது தனியாக வந்தது தப்போ என்று தோன்றும். குளிர்காலத்தில் உள்ளே பனிக்கட்டி சேராமலிருக்கக் கதவு போட்டுச் சாத்திவிடுவார்கள். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் மேரிலாண்ட் மலைகள் அடுக்கடுக்காக. அங்கிருந்து கம்பர்லண்ட் வரை மிதிக்கவே வேண்டாம், பிரேக்தான் வேலை செய்யும்.

கேள்வி: சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்த இடம் எது? (வாசகர், நெய்வேலி)

நெய்வேலியிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது பாருங்கள். யாக் ஆற்றின் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் நிலக்கரி பூமி. கானல்ஸ்வில் சூளைகளில் அதைக் கோக்காக்கி பிட்ஸ்பர்க்கின் எஃகு உலைகளுக்கு அனுப்பினார்கள். இன்று இரண்டு பக்கமும் காடு மூடிக்கிடக்கிறது. டார் என்ற நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடம் பாதையை ஒட்டியே வருகிறது. உட்கார்ந்தது அங்கேதான். 1907 டிசம்பர் 19-ல் உள்ளே வெடித்து 239 பேர் செத்தார்கள். பையன்களும் அதில் உண்டு. ஆற்றில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில், பாறையில் துருப் பிடித்த செம்மண் நிறத்தில் தண்ணீர் வடிகிறது. பழைய சுரங்கங்களிலிருந்து கசியும் இரும்பு. மூடி எத்தனையோ வருடம் ஆகியும் அது நிற்கவில்லை.

கேள்வி: நாலு நாள் பர்கரா? (வாசகி, மயிலாப்பூர்)

கிளம்புவதற்கு முதல் நாள் பிட்ஸ்பர்க் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலில் புளியோதரை. 1970-களில் எழும்பிய கோயில் அது. பெருமாளைச் சேவித்தது முதலில், புளியோதரை அப்புறம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதெல்லாம் நம் ஊரில் ஏன் இல்லை? (வாசகர், மதுரை)

இந்தக் கேள்வி இல்லாமல் எந்த வாரமாவது போயிருக்கிறதா? அவர்களிடம் ரயில் போய்த் தடம் மிஞ்சியது. நம் மீட்டர் கேஜ் பெரும்பாலும் மூடப்படவில்லை, அகலமாகிவிட்டது. ரயில் ஓடுகிற இடத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை? அவர்களுக்கும் லேசில் கிடைக்கவில்லை. 1978-ல் முதல் துண்டு நிலத்தை வாங்கி, 1986-ல் ஒஹையோபைல் அருகே சில மைல் திறந்து, முழுப் பாதையும் முடிந்தது 2013-ல்.

கேள்வி: கம்பர்லண்டிலிருந்து திரும்பியதும் சைக்கிளிலா? (வாசகர், திருச்சி)

அங்கிருந்து பழைய கால்வாய்க் கரையில் இன்னொரு பாதை வாஷிங்டன் வரை 184.5 மைல் போகிறது. அதைப் பார்த்துவிட்டு ரயிலேறினேன். நாலு நாள் மிதித்த தூரம், ஐந்து மணி நேரத்துக்குள் பிட்ஸ்பர்க். யாக் ஆற்றின் எதிர்க்கரையை ஒட்டித்தான் ரயில் போகிறது. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு என் பாதையைத் தேடினேன். இருட்டு. பக்கத்து சீட்டுக்காரர், “வெளியே என்ன இருக்கிறது?” என்றார். “ஒன்றுமில்லை, காடு” என்று சொல்லிவிட்டு முழங்கால் மடிப்பைத் தடவிப் பார்த்தேன். உண்ணி இல்லை.