வேலையை விட்ட ராட்டு

எங்கள் ஊரில் ஒரு கருவிக்கு மரியாதை கிடைக்க வேண்டுமென்றால் முதலில் அது வேலையை விட வேண்டும். உழைக்கிற காலத்தில் தென்னைமூட்டில் கிடக்கும். மழை நனைக்கும், கோழி எச்சமிடும். வேலை போனதும் ஆக்கர் கடைக்காரர் எடைபோட்டு எடுத்துப் போவார். அவரிடமிருந்து யாராவது வாங்கி வார்னிஷ் அடித்து, மஞ்சள் விளக்குக்குக் கீழே நிறுத்திவிட்டால், அப்புறம் அதை யாரும் தொடக்கூடாது.

கயிறு திரிக்கிற ராட்டுக்கு இப்போது அந்தப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது.

தேங்காய்ப்பட்டணம் என்று பேரை வைத்துக்கொண்டு தேங்காயை விட்டால் வேறு போக்கு ஏது? குழித்துறை தாமிரபரணி கடலில் சேருகிற பொழிமுகம் இங்கேதான். அதையொட்டிப் போவது அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை படகு விடலாம் என்று திருவிதாங்கூர் அரசு 1860-இல் வெட்டத் தொடங்கியது, மண்டைக்காட்டோடு நின்றுபோனது. என் சிறுவயதில் அந்தத் தண்ணீரில் படகைவிடக் கதம்பைதான் அதிகம். தேங்காய் உரித்த கதம்பையை வலையில் கட்டி, சேறும் ஓலையும் போட்டு அமுக்கி, ஆறிலிருந்து பத்து மாதம்வரை ஊறவிடுவார்கள். நாருக்கு இடையிலுள்ள பசையை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க அவ்வளவு காலம் வேண்டும். அவை தின்கிற விவரம் ஊர் மூக்குக்கெல்லாம் தெரியும். அழுகின முட்டை நாற்றம். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுப்பார்கள். இன்று அதே கரையில் காயல் காற்றுக்கு ராத்திரிக் கணக்கில் வாடகை வாங்குகிறார்கள்.

ஊறின கதம்பையைக் கல்லில் வைத்து மரத்தடியால் அடித்து நாரெடுப்பது பெண்கள் வேலை. அவரவர் தடி அவரவருக்கு. கட்டைவிரல் பதிகிற இடம் வருஷக்கணக்கில் தேய்ந்து குழிந்திருக்கும். அடுத்தவள் வாங்கிப் பிடித்தால் அந்தக் குழியில் அவள் விரல் உட்காராது. ஆயுதபூஜைக்கு ஆசாரி உளிக்கும் சீவுளிக்கும் சந்தனம் வைப்பார். இந்தத் தடிக்குப் பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. கிடைக்கிற கூலியைப் பொறுத்துத்தான் சந்தனமும்போல.

அடுத்தது ராட்டு. நட்டுவைத்த சக்கரத்தை ஒரு சிறுமி சுற்றுவாள். பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகவேண்டிய சிறுமி. அதில் இரண்டு கதிர்கள். ஆளுக்கொரு கதிரில் நாரை மாட்டிக்கொண்டு இரண்டு பெண்கள் பின்னோக்கி நடப்பார்கள். இடுப்பு மடியில் சவுரி என்கிற நார். விரல்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, பிரி நீளும். தோப்பின் மறுகோடி வந்ததும் இரண்டு பிரியையும் எதிரே இருக்கிற நகரும் ராட்டில் சேர்த்து மாட்டி முறுக்க வேண்டும். பிரிகள் முன்கூட்டியே பின்னிக்கொள்ளாமல் இருக்க, பக்கங்களில் பள்ளம் வெட்டிய கையளவு மரத்துண்டு ஒன்றை நடுவில் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். அது கடந்துபோகிற வழியெல்லாம் கயிறாகும். முறுக்கு ஏற ஏறக் கயிறு குறுகும். நகரும் ராட்டு தானே மணலில் இழுபட்டு முன்னால் வரும். நாடு முன்னேறுகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த வருஷங்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் பின்னால் நடந்துதான் குடும்பத்தை முன்னால் கொண்டுவந்தார்கள்.

பிறகு நைலான் வந்தது. கதம்பையை ஊறப்போடாமலே நாராக்கும் மில்கள் பொள்ளாச்சிப் பக்கம் பெருகின. ஒருகாலத்தில் தென்னை நாரென்றால் கேரளம் என்பார்கள். இப்போது கேரளத்துக்கே தமிழ்நாட்டிலிருந்து நார் போகிறது. இதைவிட வேடிக்கை, நார் எடுத்தபின் உதிர்கிற தூளின் கதை. எங்கள் கரையில் அது யாருக்கும் வேண்டாத குப்பை. எடுத்துப்போனால் புண்ணியம் என்பார்கள். இன்று அதைக் கழுவி, ஐந்து கிலோக் கட்டியாக அமுக்கிக் கப்பலேற்றுகிறார்கள். நெதர்லாந்தில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே தக்காளிச்செடி அதில் வேர்விடுகிறது. குப்பைக்குப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது.

பனையேறியின் பாளை அரிவாளும் முருக்குத்தடியும் இதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. காலையும் மாலையும் உயிரைக் கையில் பிடித்து ஏறினவரை மதிக்காத ஊர், கருப்பட்டிக் காப்பியை மட்டும் ஊதி ஊதிக் குடிக்கிறது. இந்த ஊரிலிருந்து மரச்சாமான் ஒன்று மேலே போனதென்றால் அது சாய்வு நாற்காலிதான். இங்கே பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் அந்தப் பெயரில் எழுதிய நாவலுக்கு 1997-இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. உட்காருகிற சாமானுக்கு இருக்கிற யோகம் உழைக்கிற சாமானுக்கு உண்டா!

சமீபத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு கடலோர விடுதி ஒன்றில் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். அவர் பத்து வயதில் ராட்டுச் சுற்ற ஆரம்பித்தவர். வாசலில் ராட்டு நிற்கிறது. சுற்றிலும் சிவப்புக் கயிறு, பக்கத்தில் தொடக்கூடாது என்று பலகை. ஜோடி ஜோடியாக நின்று படம் எடுக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் நெஞ்சடைத்தது. பாட்டிக்கு அப்படி ஒன்றும் இல்லை. சிவப்புக் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய்ச் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"கதிரைத் திருப்பிப் போட்டிருக்கானுவ மக்களே. எண்ணெயும் விடல்ல. எதிர் ராட்டு எங்க? இது ஒத்தையா நின்னு என்னத்தத் திரிக்கும்?"

விலக்க ஓடிவந்த மேலாளர் விஷயம் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "பாட்டி, சனி ஞாயிறு வந்து விருந்தாளிகளுக்குக் கொஞ்சம் சுத்திக் காட்ட முடியுமா?"

"சுத்தலாம். கூலி என்ன தருவிய?"

அவர் ஒரு தொகை சொன்னார். அந்தக் காலத்தில் பாட்டி மாதம் முழுக்கச் சுற்றினாலும் அதைப் பார்த்திருக்க மாட்டார். பாட்டி முகத்தில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"அது சக்கரம் சுத்தத்துக்கு. பின்னால நடக்கதுக்குத் தனியா தரணும்."