மூச்சு விடாமல் கேளுங்கள்

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். முப்பது பேர் ஆளுக்கொரு கட்டையோடு ஓடுகிறார்கள். இது விளையாட்டா, வாய்க்கால் தகராறா?
ஓர் அம்மா, மணலூர்பேட்டை

விளையாட்டுதான் அம்மா, பயப்படாதீர்கள். பெயர் ஹர்லிங். பக்கத்துக்கு 15 பேர். கையில் இருக்கும் கட்டைக்கு ஹர்லி என்று பெயர். ஆஷ் என்ற மரத்தின் அடித்தூரில், வேர் வளைகிற இடத்தில் வெட்டிச் செதுக்குவார்கள். மரத்தின் ரேகையும் அந்த வளைவோடு சேர்ந்தே ஓடுவதால் கட்டை லேசில் பிளக்காது. பந்து நம் கைக்குள் அடங்கும். உள்ளே கார்க், மேலே தோல், எடை 110 கிராமுக்குச் சற்று மேலே.

கோல் கம்பம் ஆங்கில ‘எச்’ எழுத்து மாதிரி நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே, கோலியைத் தாண்டிப் பந்து போனால் மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. கட்டையால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். கையில் பிடித்தபடி நாலு எட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. அதனால்தான் கட்டையின் நுனியில் பந்தை நிறுத்திக்கொண்டே ஓடுகிறார்கள். எதிராளி இடிக்க வரும்போதும் அந்தப் பந்து விழாமல் இருக்கிறதே, அதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 2010 முதல் எல்லாரும் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். பெண்கள் ஆடுவதற்குக் கமோகி என்று பெயர். மகளுக்கு ஆசை இருந்தால் சேரச் சொல்லுங்கள். மண்டை பத்திரமாகத்தான் இருக்கும்.

அதே அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பாலில் பந்தைக் கையால் பிடிக்கிறார்களே, அப்புறம் எதற்கு அதற்கு ஃபுட்பால் என்று பெயர்?
கல்லூரி மாணவர், திருக்கோவிலூர்

காலுக்கும் வேலை இருக்கிறது தம்பி. பந்தைக் கையில் பிடித்து ஓடுகிறவர் நாலு எட்டுக்குள் அதைத் தரையில் தட்ட வேண்டும், அல்லது தன் கால் நுனியில் விட்டுத் திரும்பக் கைக்கு எடுக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை தரையில் தட்டக் கூடாது. ஆக, முழு வேகத்தில் ஓடிக்கொண்டே கால் நுனியில் பந்தைத் தட்டி எடுக்கத் தெரியாதவர் அங்கே நிற்கவே முடியாது. புள்ளிக் கணக்கு ஹர்லிங் மாதிரிதான். 2025-ல் புதிதாக ஒன்று சேர்த்தார்கள்: 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து கம்பிக்கு மேலே உதைத்தால் இரண்டு புள்ளி.

அந்த வீரர்களுக்கு எத்தனை கோடி சம்பளம்?
வாசகர், ரிஷிவந்தியம்

ஒரு பைசா கிடையாது.

இதை நம்பக் கொஞ்ச நேரம் ஆகும், நிதானமாகப் படியுங்கள். டப்ளினில் இருக்கும் க்ரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேர் உட்காரலாம். அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தன்று அது நிரம்பி வழியும். உள்ளே ஆடுகிற முப்பது பேரும் வாத்தியார், விவசாயி, எலக்ட்ரீஷியன், மாணவர். பயணச் செலவு போன்றவை கிடைக்கும். ஆடுவதற்குக் கூலி கிடையாது. ஞாயிறு ஆட்டம் முடிந்தால் திங்கள்கிழமை வேலை.

எதற்காக ஆடுகிறார்கள்? ஊருக்காக. பிறந்து வளர்ந்த ஊரின் கிளப், அதற்கு மேலே மாவட்டம் மாதிரியான கவுன்டி, இவ்வளவுதான் கட்டுமானம். 1884 நவம்பர் 1-ம் தேதி டிப்பரரி கவுன்டியின் தர்லஸ் ஊரில், ஒரு ஓட்டலில் கூடிய சிறு கூட்டம் இந்த ஆட்டங்களை நடத்தும் சங்கத்தைத் தொடங்கியது. மைக்கேல் க்யூசாக், மாரிஸ் டேவின் போன்றவர்கள் முன்னின்றார்கள். வெள்ளைக்காரன் ஆட்டங்கள் நாடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. சொந்த ஆட்டம் சாகக் கூடாது என்பது அவர்கள் கவலை. 1920 நவம்பர் 21-ம் தேதி டப்ளினும் டிப்பரரியும் ஆடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படை க்ரோக் பார்க்குக்குள் புகுந்து சுட்டது. இறந்தவர்கள் 14 பேர். அதில் ஒருவர் ஆட்டக்காரர், மைக்கேல் ஹோகன். மைதானத்தின் ஒரு பக்க மாடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அப்படிப்பட்ட மண்ணில் நிற்கிறவன் கூலி கேட்டு நிற்க மாட்டான்.

பெங்களூரில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்த முதல் பொங்கல். வீடே கபடி பார்க்கக் கிளம்பிவிட்டது. நானும் போனேன்; எல்லாரும் கத்தினால் நானும் கத்தினேன். எதற்கென்று மட்டும் தெரியவில்லை.
புது மருமகள், மணலூர்பேட்டை

கத்தினீர்களே, பாதி கற்றுக்கொண்டுவிட்டீர்கள். மீதியை இங்கே சொல்கிறேன்.

ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோடு. பக்கத்துக்கு ஏழு பேர். ஒருவர் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போவார். நம் பெரியவர்கள் சடுகுடு என்று பாடினார்கள். பாட்டு அறுந்தால் ஆள் அவுட். இப்போது 30 விநாடிக் கணக்கும் உண்டு. யாரையாவது தொட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால், தொட்டது எத்தனை பேரோ அத்தனை புள்ளி. பிடித்துப் போட்டுவிட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி. யாரையும் தொடாவிட்டாலும் பாக் லைன் என்ற முதல் கோட்டையாவது தாண்டிவிட்டு வர வேண்டும்.

அவுட்டானவர் வெளியே போய் உட்கார்ந்தாரே, பிறகு எப்படித் திரும்ப வந்தார் என்று குழம்பியிருப்பீர்கள். எதிரணியில் ஓர் ஆள் அவுட்டானால் நம்மில் ஓர் ஆள் எழுந்து வரலாம். ஏழு பேரும் அவுட்டானால் அதுதான் ஆல் அவுட். எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி, பிறகு ஏழு பேரும் திரும்ப உள்ளே. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ஆளைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள், ஒன்றுக்கு இரண்டு புள்ளி.

அடுத்த ஆட்டத்தில் ஒரே ஒரு இடத்தைக் குறி வைத்துப் பாருங்கள். உள்ளே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது, பாடிப் போகிறவர் அடுத்த கோடான போனஸ் லைனைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு புள்ளி. ஆனால் அந்தக் கால் அங்கே படும்போது மற்றக் கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். அதாவது, எதிரிகள் ஆறேழு பேர் நடுவில் ஒற்றைக் காலில் நின்றாக வேண்டும். ஓரத்தில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர் அந்த அரை விநாடிக்காகத்தான் குனிந்து காத்திருக்கிறார். நல்ல கார்னர் முகத்தைப் பார்க்க மாட்டார்; முகம் பொய் சொல்லும். முழங்காலைப் பார்ப்பார். எடை முன்காலுக்கு மாறியதும் பாய்ந்து கணுக்காலை இரண்டு கையாலும் கவ்வுவார். அவர் கவ்விய பிறகு அரை நொடிக்குள் பக்கத்து ஆள் வந்து விழாவிட்டால், பாடிப் போனவர் கவ்வினவரையும் இழுத்துக்கொண்டே கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். கூட்டம் எழுந்து நிற்பது அதற்குத்தான்.

2023 ஹாங்சோ ஆசியப் போட்டி இறுதி ஆட்டத்தில் ஏன் அவ்வளவு நேரம் நிறுத்தினார்கள்? எங்கள் டீக்கடையில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.
கபடி ரசிகர், சங்கராபுரம்

ஓரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு லாபி இருக்கிறது. ஆளைத் தொட்ட பிறகுதான் அது ஆடுகளமாகத் திறக்கும். இந்தியாவும் ஈரானும் 28-28 என்று நிற்கையில், நம் பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் போனார். ஈரான்காரர்கள் பின்னாலேயே பாய்ந்து அவர்களும் லாபிக்குள் விழுந்தார்கள். பழைய விதிப்படி பின்னால் போனவர்களும் அவுட். புதிய விதிப்படி பாடிப் போனவர் மட்டும் அவுட். எந்த விதி என்று முடிவு செய்வதில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் 33-29 என்று இந்தியாவுக்குத் தங்கம்.

தங்கம் நமக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் விதிப் புத்தகத்தைத் தேடுவது ஆட்டத்துக்கு அழகில்லை. 1990 முதல் 2014 வரை ஏழு தடவை தொடர்ந்து தங்கம் வாங்கிய நம்மை 2018-ல் ஜகார்த்தா அரையிறுதியில் வீழ்த்தியவர்கள் ஈரான்காரர்கள். அவர்கள் மரியாதைக்குரிய எதிரிகள். டீக்கடையில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தமிழ் தலைவாஸ் அணியில் தமிழ் எங்கே?
வாசகர், தியாகதுருகம்

ஏல மேடையில் ஊர் பார்க்க மாட்டார்கள், கால் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். 2017-ல் அணி தொடங்கியபோது தலைவர் அஜய் தாக்கூர், இமாசலக்காரர். 2022-ல் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் இல்லாமலே அந்த ஆண்டு அணி அரையிறுதிக்குப் போனது. அறிமுக ஆட்டக்காரர் நரேந்தர் அள்ளிக் குவித்த புள்ளிகளை எந்தத் தமிழ் ரசிகரும் மறக்கமாட்டார். தலைவாஸ் ஆடும் இந்தக் கபடி லீக் வந்த பிறகுதான் கபடிக்காரனுக்குக் கையில் காசு வந்தது. அதை நான் வரவேற்கிறேன். நம் ஆட்களும் அதில் சாதித்திருக்கிறார்கள். தர்மராஜ் சேரலாதன் தலைமையில் பாட்னா அணி 2016-ல் கோப்பை வாங்கியது. அவர் ஆடியது பாட்னாவுக்கு, என்ன செய்ய?

தை மாதம் எங்கள் இளைஞர்கள் தொடர் போட்டி நடத்துகிறோம். ஜெயிப்பதற்காக வெளியூர் ஆட்களைக் காசு கொடுத்து இறக்கலாமா? கமிட்டியில் இரண்டு கட்சியாகிவிட்டது.
விழாக் குழு உறுப்பினர், மணலூர்பேட்டை வட்டாரம்

வேண்டாம். நான் இரண்டாவது கட்சி.

தை ஐந்தாம் நாள் அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்குத் தென்பெண்ணைக்கு வருகிற ஊர் மணலூர்பேட்டை. அந்த வாரம் சொந்தக்காரர் வராத வீடு கிடையாது. ஊர் பெயர் போட்ட பனியனில் ஏழு வெளியூர்க்காரர்கள் ஆட, உள்ளூர்ப் பிள்ளைகள் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவா அவர்கள் வருகிறார்கள்? இந்த வருடம் கோப்பை வரும். அடுத்த வருடம் விலை ஏறும். மூன்றாம் வருடம் சாயங்காலம் பயிற்சிக்கு வர ஊரில் ஒரு பையன் இருக்கமாட்டான். ஆள் வராத மைதானத்தில் வண்டி நிறுத்துவார்கள், பிறகு கல் ஊன்றுவார்கள்.

அயர்லாந்துக்காரர்கள் நூற்று நாற்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான். நாட்டுக்கே நட்சத்திரமான ஆட்டக்காரரும் தன் ஊர் கிளப்புக்குத் திரும்பி வந்து, பக்கத்துத் தெருப் பையனோடு ஒரே அணியில் ஆட வேண்டும். அந்தப் பையன் அடுத்த நட்சத்திரமாவது அங்கேதான்.

கமிட்டிக்கு ஒரு யோசனை. நோட்டீஸிலேயே இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். ‘ஓபன்’ ஆட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரட்டும். ‘உள்ளூர்’ ஆட்டத்துக்கு வாக்காளர் அட்டையோ பள்ளிச் சான்றோ காட்டி, அதே ஊர் ஆட்கள் மட்டும். சுழற்கோப்பை உள்ளூர் ஆட்டத்துக்கே போகட்டும். தோற்றாலும் ஊர் பையன் தோற்கட்டும். தோற்றவன்தான் மறுநாள் பயிற்சிக்கு முதலில் வருவான்.

மணத்தி கணேசனை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடிப் பக்கத்துச் சின்ன கிராமத்திலிருந்து போய் 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடினார், 1995-ல் அர்ஜுனா விருது வாங்கினார். மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ அவர் வாழ்க்கையின் உந்துதலில் வந்த படம். அவர் பெயருக்கு முன்னால் நிற்பது ஊர்.

நம் பிள்ளைகள் கையில் எப்போதும் கிரிக்கெட் மட்டை. ஊரில் கிரிக்கெட்டுக்குத் தடை போட்டால் கபடி வளராதா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மூங்கில்துறைப்பட்டு

ஐயா, அந்த மருந்தை அயர்லாந்துக்காரர்கள் குடித்துப் பார்த்துவிட்டார்கள். கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆடினாலோ, அந்த ஆட்டங்களைப் பார்க்கப் போனாலோ சங்கத்திலிருந்து நீக்கம். 1938-ல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், பதவி முறையில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்குப் போனார். சங்கத்தின் புரவலர் பட்டியலிலிருந்து அவர் பெயரையே அடித்துவிட்டார்கள்! ஐரிஷ் மொழிக்காக வாழ்நாள் முழுக்க உழைத்த மனிதர் அவர். 1971-ல் தடையை எடுத்தார்கள். எடுத்த பிறகு ஹர்லிங் சாகவில்லை, அரங்கம் நிரம்பத்தான் செய்கிறது. ஆட்டத்தைக் காத்தது தடையில்லை, ஊருக்கு ஊர் இருக்கிற மைதானம். பிள்ளைகள் காலையில் கிரிக்கெட் ஆடட்டும் ஐயா. சாயங்காலத்துக்கு மண்ணைக் கொத்தித் தண்ணீர் தெளித்து வைக்க நாலு பெரியவர்கள் வந்தால் போதும்.

ஹர்லி கட்டைக்கு எங்கள் மலை மரம் ஆகுமா?
வெள்ளிமலை இளைஞர், கல்வராயன் மலை

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ஆஷ் மரத்தை வாட்டிச் சாகடிக்கும் ஒரு பூஞ்சை நோய் 2012-ல் அயர்லாந்தில் தென்பட்டது. இப்போது நாடெங்கும் பரவிவிட்டது. கட்டைக்கு மரம் தேடித் தவிக்கிறார்கள். மாற்றாக அங்கே சிலர் மூங்கிலைப் பலகையாக ஒட்டிக் கட்டை செய்கிறார்கள், வீரர்களும் அதை வைத்து ஆடுகிறார்கள். மூங்கிலின் அருமை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு கபடி ஆடலாமா?
பெயர் வேண்டாம் என்ற வாசகர்

கூடாது, விதியிலேயே தடை இருக்கிறது. பெயர் வேண்டாம் என்றபோதே உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எட்டாவது படிக்கும் மகள் கபடி ஆட வேண்டும் என்கிறாள். கை கால் உடைந்தால் என்ன செய்வது என்று வீட்டில் பயம்.
ஒரு தந்தை, அரகண்டநல்லூர்

பயம் நியாயமானது. அதற்காகத் தடுக்காதீர்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. பகுதி மைதானத்தில் தேறி வந்தவர். இன்று கண்ணகி நகர் என்றதும் ஜனங்கள் முதலில் சொல்வது அவர் பெயரை.

பெண்களுக்குக் களம் சிறியது, 12-க்கு 8 மீட்டர். பாதிக்கு 15 நிமிடம். அடிபடுவது பெரும்பாலும் விழத் தெரியாததால்தான். ஆகவே பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மண் கொத்தி, கல் பொறுக்கியிருக்கிறதா? முதல் இரண்டு வாரம் விழவும் உருளவும் மட்டும் சொல்லித் தருவாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் நாளைக்கே அனுப்புங்கள். முழங்காலுக்கு ஒரு உறை வாங்கிக் கொடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஆட்டத்துக்கு முன் நடுவர் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்.