வெள்ளை மனசு, பாலியெஸ்டர் உடம்பு

“நூறு சதவீதம் காட்டன் சார்!” கடைக்காரர் பெருமையாகச் சொன்ன டி-ஷர்ட்டைத்தான் வாங்கினேன். சூடுபடுத்திப் படம் பதிக்கும் சப்ளிமேஷன் மைக்கு அந்தப் பெருமை ஆகாது. சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆவியாகும் மை பாலியெஸ்டருக்குள்தான் குடியேறும். பருத்தியில் ஒண்டிக்கொண்டிருந்துவிட்டு, சலவைக்குப் போட்டதும் காலி செய்யத் தொடங்கும். அதில் நான் அடித்த மச்சானின் மணக்கோலப் படம் அப்படித்தான் மங்கியது. அக்கா இன்னும் பேசவில்லை.

கறுப்புச் சட்டை கேட்பவர்கள் தனி ரகம். இந்த அச்சில் வெள்ளை மையே கிடையாது. துணியின் வெள்ளைதான் படத்தின் வெள்ளை. கறுப்பில் அடித்தால் படம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. (கடவுள் மாதிரி.)

பாத்திரக்கடைப் பீங்கான் கோப்பையும் உதவாது, மேலே பாலிமர் பூச்சு வேண்டும். பூசியதும் பூசாததும் பார்வைக்கு ஒன்றுதான். கடையில் ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.