சவீன் கோயில்: கேள்விகள் கொட்டுகின்றன

பெரு நாட்டின் சவீன் தெ வாந்தர் கோயிலைப் பற்றிப் போன இதழில் இரண்டு பத்திதான் எழுதினேன். வந்த கேள்விகளோ ஒரு இதழுக்குக் காணும். ஆகவே இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: பெரு என்றாலே இன்காதானே? இதையும் அவர்கள்தானே கட்டியிருப்பார்கள்?

இன்கா பேரரசு தலையெடுத்தது 15-ஆம் நூற்றாண்டில். 1530-களில் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. பேரரசாக அவர்கள் ஆண்டது சுமார் நூறு வருஷம். சவீனில் கல் அடுக்கத் தொடங்கியதோ கி.மு. 1200 வாக்கில். இன்கா மன்னர்கள் பட்டத்துக்கு வந்தபோதே இந்தக் கோயில் கைவிடப்பட்டு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு ஆகியிருந்தது. நடுவில் நாஸ்கா, மோச்சே, வாரி, தீவானாக்கு, சிமூ என்று எத்தனையோ மக்கள் வந்து, வாழ்ந்து, போயிருக்கிறார்கள். கடைசியில் வந்தவர் பெயரையே எல்லாவற்றுக்கும் சூட்டினால் மற்றவர்களுக்கு நாம் அநியாயம் செய்கிறோம்.

கேள்வி: அந்த மலைச் சந்தில் போய்க் கோயில் கட்டுவானேன்?

வரைபடத்தைப் பாருங்கள், காரணம் புரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,180 மீட்டர் உயரம். மோஸ்னா, வச்செக்சா என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடம். மேற்கே வெள்ளை மலைத்தொடர், அதைத் தாண்டினால் பாலைவனக் கடற்கரை. கிழக்கே இறங்கினால் மாரஞோன் ஆறு, அதற்கப்பால் அமேசான் காடு. மலை, கடல், காடு என மூன்று உலகத்துக்கும் வழி விடுகிற இடம்.

அதன் விளைவு சிற்பத்தில் தெரிகிறது. ஜாகுவார், கேமன் முதலை, ஹார்ப்பி கழுகு, பாம்பு என்று பெரும்பாலும் தாழ்வான காட்டு உயிர்கள். குளிரில் உருளைக்கிழங்கு விளைவித்த மலைவாசி, தன் ஊரில் இல்லாத முதலையைக் கல்லில் செதுக்கிக் கும்பிட்டிருக்கிறான். பெருவின் தொல்லியலுக்கு அடித்தளமிட்ட ஹூலியோ தேயோ 1919-இல் இங்கே ஆய்வு செய்துவிட்டு, இந்த நாகரிகத்தின் வேர் காட்டில்தான் என்று வாதிட்டார். அந்த முடிவை இன்று அப்படியே யாரும் ஏற்பதில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: தினமும் பார்க்கிற லாமாவிடம் பயம் வராது, கேள்விப்பட்டு மட்டுமே தெரிந்த ஜாகுவாரிடம் வரும்.

தேயோவின் பெயரால் ஒரு தூண் இருக்கிறது, உயரம் இரண்டரை மீட்டர். அதில் செதுக்கிய முதலைத் தெய்வத்தின் உடம்பிலிருந்து செடிகள் முளைக்கின்றன: மரவள்ளி, வேர்க்கடலை, மிளகாய். மூன்றுமே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி நம் ஊருக்கு வந்தவை. நாம் இன்று தாளிக்கிற மிளகாயைத் தெய்வம் தந்த வரமாக அவர்கள் கல்லில் பதித்துவைத்து இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

கேள்வி: மூலவர் யார்?

லான்சோன். ஸ்பானிய மொழியில் பெரிய ஈட்டி என்று பொருள். அவரை வணங்கியவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது, அவர்களிடம் எழுத்தே இல்லை.

நாலரை மீட்டர் உயரமுள்ள கருங்கல். கீழே கூராகி, மேலே மேல்தளத்தின் தரையைத் துளைத்து நிற்கிறது. மனித உடம்பு, பூனை இனத்து முகம். வாய் ஓரம் மேல்நோக்கி வளைந்திருக்கிறது, மேற்பல்லில் கோரை நீண்டிருக்கிறது. கண்ணின் பாவை மேலே பார்க்கிறது. புருவமும் தலைமுடியும் பாம்பாகச் சுருள்கின்றன. வலக்கை உயர்ந்திருக்கிறது, இடக்கை தொங்குகிறது, விரல்நுனியில் நகம் கூராக இருக்கிறது.

அவரை நிறுத்திய இடம்தான் சூட்சுமம். கட்டடத்தின் வயிற்றுக்குள், சிலுவை வடிவத்தில் வெட்டிக்கொள்கிற குறுகிய சுரங்க வழிகளின் நடுவில் நிற்கிறார். எங்கே நின்றாலும் முழு உருவத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. விளக்கொளியில் முகம் தெரிந்தால் பாதம் இருட்டு. பாதம் தெரிந்தால் முகம் இருட்டு. சிலையின் உச்சி மேல்தளம் வரை எட்டுவதால், மேலே ஒருவர் மறைந்திருந்து குறி சொல்லியிருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் ஊகம். பெரும்பாலான பழஞ்சிலைகள் அருங்காட்சியகத்துக்கு இடம் பெயர்ந்துவிட்டன. இவர் பிரதிஷ்டையான இடத்திலேயே இன்னும் நிற்கிறார்.

கேள்வி: கோயில் கர்ஜிக்கும் என்று படித்தேன். கதையா, நிஜமா?

நிஜத்துக்கு மிகப் பக்கம். கட்டடத்துக்கு அடியில் கல் கால்வாய்கள் வலையாக ஓடுகின்றன. வச்செக்சா ஆற்றுத் தண்ணீரை இதற்குள் திருப்பிவிட முடியும். மழை நீர் வடிய மட்டும் என்றால் இவ்வளவு வேலை தேவையே இல்லை. 1970-களில் தொல்லியலாளர் லூயிஸ் லும்ப்ரேராஸும் சகாக்களும் கால்வாயில் தண்ணீரை ஊற்றிச் சோதித்தார்கள். ஓடும் நீரின் ஓசையைக் காற்றுத் துளைகளும் சுரங்க அறைகளும் வாங்கிப் பெருக்கின. முற்றத்தில் நிற்பவருக்குத் தண்ணீர் கண்ணில் படாது. கோயிலே உறுமுவதாகத்தான் கேட்கும்.

கேள்வி: அங்கே சங்கு கிடைத்ததாமே! தமிழன் போய்ச் சொல்லிக்கொடுத்ததாக ஒரு வீடியோ ஓடுகிறது. உண்மையா?

இல்லை. சங்கு கிடைத்தது உண்மை, வீடியோ பொய். மன்னார் வளைகுடாவில் எடுக்கிற நம் சங்கு வேறு இனம், அவர்களுடையது வேறு. அவர்கள் ஊதியது ஈக்வடார் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் வாழும் ஸ்ட்ராம்பஸ் வகைக் கிளிஞ்சல். அதை மலை மேல் சுமந்துவந்திருக்கிறார்கள். ஊதினால் ஒலி வரும் என்பதை உலகின் பல கரைகளில் பலர் தாமாகவே கண்டுபிடித்தார்கள். அந்த மலைக்காரர்களின் புத்தியைப் பிடுங்கி நமக்குச் சூட்டிக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமையும் இல்லை.

ஆனால் அந்தச் சங்குகளின் கதை எந்த வீடியோவையும் விட ருசியானது. 2001-இல் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜான் ரிக்கின் குழு ஒரு சிறிய சுரங்க அறையில் இருபது சங்குகளை எடுத்தது. பேர் புத்தூத்து. மேல்தோலில் சித்திரம் கீறியிருக்கிறது. கைபட்டுக் கைபட்டு அந்தக் கோடுகள் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஊதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உதட்டோரத்தில் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி ஒரு வெட்டு. இன்றும் ஊதினால் பேசுகின்றன. ஒலியியல் ஆய்வாளர் மிரியம் கோலர் அளந்து பார்த்தபோது, லான்சோன் அறையிலிருந்து வட்ட முற்றத்துக்குப் போகும் துளைகள் இந்தச் சங்கின் ஒலி வரிசையைத் தேர்ந்தெடுத்துக் கடத்துவது தெரிந்தது. உள்ளே சங்கு ஊதினால் வெளியே தெய்வத்தின் குரல்.

கேள்வி: பக்தர்களுக்குப் போதை கொடுத்தார்கள் என்பது?

கொடுத்தார்கள், ஆனால் எல்லாருக்கும் அல்ல. வட்ட முற்றத்துச் சிற்பம் ஒன்றில் ஒருவர் சான் பெத்ரோ கள்ளியைக் கையில் ஏந்தி நிற்கிறார். மெஸ்கலின் உள்ள செடி அது. கோயில் சுவரில் கல் தலைகளைப் பதித்திருந்தார்கள். அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு மனிதன் மாறுவது தெரியும். முதல் தலை சாதாரண முகம். அடுத்ததில் கண் பிதுங்குகிறது, முகம் சுருங்குகிறது, மூக்கிலிருந்து சளி வடிகிறது. கடைசித் தலையில் கோரைப்பல், முழு ஜாகுவார். மூக்குப்பொடியாக உறிஞ்சுகிற வில்கா விதைப்பொடி மூக்கை ஒழுகவைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தச் சளி சிற்பியின் குறும்பு அல்ல, கண்ணால் பார்த்தது என்று புரியும். இத்தனை தலைகளில் இன்று சுவரில் இருந்த இடத்திலேயே மிஞ்சியது ஒன்றே ஒன்று.

2025-இல் ரசாயனச் சான்றும் வந்துவிட்டது. சுரங்க அறைகளில் கிடைத்த எலும்பு, சிப்பிக் கருவிகள் 23-ஐச் சோதித்ததில் ஆறில் நிக்கோட்டினும் வில்காவின் தடயமும் இருந்தன. அந்த அறைகளில் சிலர்தான் கொள்வார்கள். ஆக, வெளி முற்றத்தில் கூட்டம் சங்கொலி கேட்டுச் சிலிர்த்தது. உள்ளே போய் உறிஞ்சி ‘மாறி’ வரும் தகுதி பொறுக்கியெடுத்த ஒருசிலருக்கே.

கேள்வி: அப்படியானால் பூசாரிகள் எல்லாம் மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிடலாமா?

சொல்லிவிடலாம், சுலபம். நான் சொல்ல மாட்டேன்.

அவர்கள் அதிகாரத்தைத் திட்டமிட்டுத்தான் கட்டினார்கள் என்று ரிக் வாதிடுகிறார். அதை நான் ஏற்கிறேன். சமத்துவமாக இருந்த கிராமத்து மக்களிடம் ‘நாங்கள் உங்களைவிட மேல்’ என்று ஒரு கூட்டம் நிலைநாட்ட வேண்டும் என்றால், கண்ணெதிரே அதை நிரூபித்துக் காட்ட வேண்டும். இருட்டும் ஒலியும் நீரும் வில்காவும் அந்த நிரூபணம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சவீனில் கோட்டை இல்லை. படையெடுத்து ஆண்டதற்கு அடையாளம் இல்லை. 1960-களில் லும்ப்ரேராஸ் திறந்த காணிக்கை அறையில் நூற்றுக்கணக்கான மண்கலங்கள் கிடந்தன. அவை பல வட்டாரங்களின் பாணியில் வனைந்தவை. கூடவே லாமா, மான், மீன் எலும்புகள். யாரோ தொலைதூரத்திலிருந்து அந்தக் கலத்தை உடையாமல் மலையேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாளுக்குப் பயந்து வந்தவர்கள் அல்ல அவர்கள். வறட்சியும் நிலநடுக்கமும் வழக்கமான நாட்டில், இயற்கையோடு பேசத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வேண்டியிருந்தது. உள்ளே மூக்கு ஒழுகக் கிடந்த பூசாரியும் தான் ஜாகுவாராக மாறியதை நம்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஊருக்கு மட்டும் வேஷம் கட்டுகிறவன் தன் மூளையையே பணயம் வைக்க மாட்டான்.

கேள்வி: பெண் தெய்வம் உண்டா?

உண்டு. தெற்கே பராக்காஸ் அருகே கார்வா என்ற கடலோர இடத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த பருத்தித் துணிகளில் சவீன் பாணியில் ஓர் அம்மன் வரைந்திருக்கிறது. இரண்டு கையிலும் கோல், பருத்திச் செடியோடு சேர்ந்த உடல். கோயிலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, அந்த ஊர்ப் பயிருக்கு ஏற்ற உருவம் எடுத்திருக்கிறாள். அந்தக் கல்லறையைக் கொள்ளைக்காரர்கள் தோண்டிவிட்டதுதான் ஆறாத வருத்தம். எந்தத் துணி யார் உடம்பின் மேல் இருந்தது என்பது போய்விட்டது.

கேள்வி: இப்போதும் புதுசாக ஏதாவது கிடைக்கிறதா?

2022-இல் மூவாயிரம் வருஷமாக மூடிக்கிடந்த ஒரு சுரங்க வழி திறந்தது. உள்ளே காண்டோர் கழுகின் தலை வைத்த கல் பாத்திரம், 17 கிலோ. இதுவரை தெரிந்த சுரங்கங்கள் முப்பதுக்கும் மேல்.

கேள்வி: இவ்வளவு பெரிய மதம் எப்படி அழிந்தது?

கி.மு. 500 வாக்கில் கட்டுமானம் நின்றது. நிலநடுக்கம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கோயிலின் பிடி தளர்ந்த பிறகு, வட்ட முற்றத்தின் மேலேயே சாதாரண ஜனங்கள் கோயில் கல்லை எடுத்து வீடு கட்டிக் குடியேறினார்கள். ஒரு காலத்தில் நடுங்கிக்கொண்டு நுழைந்த இடத்தில் அடுப்பு எரிந்தது.

ஆனால் அழிந்தது என்று சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு கையிலும் கோல் பிடித்த தெய்வம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து, தீவானாக்குவின் சூரிய வாசலில் மறுபடி நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் வாஸ்கெஸ் தெ எஸ்பினோசா என்ற ஸ்பானியப் பாதிரியார், கிறிஸ்தவர்களுக்கு ரோமும் ஜெருசலேமும் எப்படியோ அப்படி இந்த மக்களுக்கு இந்த இடம் என்று பதிவு செய்தார். கட்டியவர்கள் போய் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் ஊர் வாயில் அந்தப் பெயர் இருந்திருக்கிறது.

கேள்வி: 1945-இல் மண்ணோடு புதைந்ததாமே?

ஆம். மலைமேல் பனியேரி உடைந்து, சேறும் பாறையும் பள்ளத்தாக்கில் இறங்கிக் கோயிலை மூடியது. சேகரித்து வைத்திருந்த சிற்பங்கள் பல அடித்துச் செல்லப்பட்டன. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் மண்ணை அள்ளி, சுரங்கங்களைத் துப்புரவு செய்து, கல்லை மீட்டவர் உள்ளூர்க்காரர் மரினோ கொன்சாலெஸ். யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 1985-ஐ எல்லாரும் எழுதுகிறார்கள். அதற்குப் பல வருஷம் முன்பே மண்வெட்டி எடுத்தவரையும் சேர்த்து எழுத வேண்டும்.

கேள்வி: நேரில் போக ஆசை. எப்படி, எதைத் தவறவிடக்கூடாது?

லிமாவிலிருந்து வாராஸ் நகருக்கு பஸ், எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வாராஸிலிருந்து மலைத்தொடரைக் குடைந்த சுரங்கச் சாலை வழியாகச் சவீன். உயரத்தில் மூச்சு முட்டும், வாராஸில் ஓரிரு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு போங்கள். தேயோ தூண் கோயில் ஊரிலேயே, 2008-இல் ஜப்பான் உதவியோடு திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் இந்தக் கோயிலின் இன்னொரு சிற்பமான ரைமோண்டி கல் அங்கே இல்லை, லிமாவில்தான். 1840-இல் ஒரு விவசாயி நிலத்தில் கண்டெடுத்து, வீட்டில் மேசையாகப் போட்டுக்கொண்ட கல் அது. 1860-இல் அந்த வீட்டுக்குப் போன இத்தாலிய ஆய்வாளர் அந்தோனியோ ரைமோண்டி கண்ணில் பட்டது. 1874-இல் லிமாவுக்கு வந்தது. ஏறக்குறைய ஆறரை அடி உயரம், வழவழவென்ற பரப்பு, மெல்லிய கோடுகளில் கோல் பிடித்த தெய்வம். நேராகப் பார்த்தால் கீழ் மூன்றில் ஒரு பங்குதான் தெய்வம், மேலே உள்ளதெல்லாம் அடுக்கடுக்கான கிரீடம். கைபேசியில் படம் எடுத்து அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கிரீடம் ஒவ்வொரு அடுக்கும் பல்லிளித்த முகமாக மாறி, ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்று தொங்கும்.