எலியட்ஸ் கடற்கரைக் கல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

கடற்கரையில் கண்டெடுத்த கல்லுக்குப் பெயர் வைப்பதில் கல்லைவிடக் கண்டெடுத்தவருக்கே பங்கு அதிகம். இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுப்பொருள் பெசன்ட் நகரில், அலை வந்து மீளும் ஈர மணலில் கிடைத்தது. உள்ளங்கை கொள்ளும் அளவு. சாம்பல் உடம்பில் வெள்ளை, பச்சை, காவித் துணுக்குகள். எடுத்த கணத்தில் நவரத்தினம்போல் மின்னியது. வீடு சேர்வதற்குள் மங்கிப்போனது. இதில் மாயம் ஏதுமில்லை. நீர்ப்படலம் மேற்பரப்பின் சொரசொரப்பை மூடி ஒளி சிதறுவதைக் குறைப்பதால் நிறம் ஆழ்ந்து தெரிகிறது, காய்ந்தால் வெளிறிவிடுகிறது. கூழாங்கல் பொறுக்கிய குழந்தைகள் அனைவரும் அழுது கண்டறிந்த உண்மை இது. ஆயினும் பெயரின்றிக் கிடப்பதால் இதை 'ஈரக்கல் விதி' என அழைக்கிறோம்: கல்லின் மதிப்பு அதன் ஈரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மைத்துனர் விண்கல் மரபைச் சேர்ந்தவர். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தைப் பிடுங்கிக் கல்லின்மீது புரட்டினார். கருந்துகள்கள் ஒட்டிக்கொண்டன. "பாத்தீங்களா மாமா?" சென்னைக் கடல் மணலில் மேக்னடைட் துகள் கலந்திருக்கிறது, காந்தத்தை அங்கே எங்கு புரட்டினாலும் அதற்குத் தாடி முளைக்கும். இதை எடுத்துரைத்தபோது அவர் காந்தத்துடன் வெளிநடப்பு செய்தார்.

மாமியார் ராமர் பாலத்துக் கல் மரபினர். மிதக்கும் கல் உலகில் உண்டு: 1883இல் கிரக்கட்டோவா வெடித்தபோது கிளம்பிய நுரைக்கல், இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரைவரை மிதந்து போனது. நம் கல்லோ வாளியில் 'ணங்' என்று அடியில் உட்கார்ந்தது. "பாவம் பண்ணினவங்க வீட்டு வாளியில எப்படி மிதக்கும்?" என்றார். இவ்வாதத்தை மறுக்கும் முறை அறிவியலில் இன்னும் உருவாகவில்லை.

இந்த ஆய்வை அற்பம் என்போர் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்தை நினைத்துப் பார்க்கவேண்டும். கல்கத்தாவில் ஆங்கில வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893இல் அந்தப் பாறைக்கு 'சார்னோக்கைட்' என்று சார்னாக்கின் பெயரையே சூட்டினார். பரங்கிமலை, பல்லாவரத்துக் கல் அது. ஊரில் ஜல்லியாக உடைபடும் கல் புகழ்பெற, வெளியூரில் ஒருவர்மேல் போய்ப் படுக்கவேண்டியிருந்தது.

நம் கல் அந்த இனமா? எலுமிச்சைச் சாறு சொட்டியதும் துணுக்குகள் மெல்ல நுரைத்தன. சார்னோக்கைட் அப்படி நுரைக்காது. சுண்ணாம்புச் சத்துள்ள கல்தான் நுரைக்கும். வெள்ளைத் துணுக்கில் கத்தி கீறல் போட்டது. மோஸ் கடினத்தன்மை அளவில், சுண்ணாம்புச் சத்துள்ள சலவைக்கல் 3, கத்தி ஏறக்குறைய 5.5; ஆகவே கீறலும் முறைப்படியே விழுந்தது. துணுக்குகள் ஒட்டிச் சேர்ந்த பாறை என்று எழுதத் தொடங்கியபோதுதான் இவ்வாய்வாளர் அதன் ஒரு பக்கத்தைத் தடவினார். மற்ற பக்கங்களெல்லாம் அலை உருட்டிய உருண்டை. இந்தப் பக்கம் மட்டும் தட்டை. அதில் எல்லாத் துணுக்குகளும் ஒரே மட்டத்தில் வெட்டுண்டிருந்தன. எந்த அலைக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

எதிர்வீட்டில் பூச்சு வேலை பார்த்த கொத்தனார், கல்லைக் கையில் வாங்காமலே தீர்ப்பளித்தார்: "மொசைக் சார். சிமென்ட்ல சிப்ஸ் போட்டு, மிஷின் வச்சுத் தேச்சிருக்காங்க. பழைய வீட்டு ஹாலு."

மாமியார் இம்முடிவை ஏற்று, கல்லை மாவுப் பாத்திர மூடியின்மேல் பாரமாக வைத்துவிட்டார். மைத்துனர் ஏற்கவில்லை. எந்தக் கிரகத்தில் மொசைக் போட்டிருந்தார்கள் என்பதே இப்போது அவருடைய ஆய்வு.