புளியமரம் போட்ட பிரேக்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் ரோட்டுக்கு வந்துவிடும். "அந்தக் காலத்து டிரைவருங்க மாதிரி வருமா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். எண்பதுகளில் திருச்சிக்கும் சென்னைக்கும் இரவு பஸ்ஸில் போய்வந்தவர்கள் நாங்கள். காக்கிச் சட்டையும் தோளில் துண்டுமாக டிரைவர் வந்து, கண்ணாடிக்கு மேலே இருக்கும் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், பஸ்ஸுக்குள் சத்தம் தானாக அடங்கும். எதிரே லாரி வெளிச்சம் தெரிந்ததும் அவர் டிம் அடிப்பார். அந்தப் பக்கமும் உடனே டிம் அடிக்கும். முன்னால் போகும் லாரியிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு, 'போ' என்று வீசினால்தான் ஓவர்டேக். கை அசையாதவரை எங்கள் பஸ் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும்.

அந்த மரியாதை உண்மைதான். ஆனால் வேகத்தைப் பிடித்து வைத்திருந்தது மரியாதை மட்டும்தானா என்று யோசித்தால், எனக்கு அந்த ரோடு ஞாபகத்துக்கு வருகிறது. இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போகும் அகலம். இரண்டு பக்கமும் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்த புளியமரங்கள். ஊருக்கு ஊர் வளைவு, குறுகலான பாலம், ரயில்வே கேட். அறுவடைக் காலத்தில் சோளத்தையும் எள்ளையும் ரோட்டின் மேலேயே பரப்பியிருப்பார்கள். அச்சுக்கடியில் அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டபடி மாட்டு வண்டிகள் வரிசையாகப் போகும். அறுபதைத் தாண்டினால் பஸ்ஸின் உடம்பே உதறும். ஸ்பீடோமீட்டர் முள் பல வண்டிகளில் பூஜ்யத்தில் படுத்தே கிடந்தது. டிரைவரின் வேகத்தை ரோடும் வண்டியுமே தீர்மானித்தன. புளியமரம் மந்திரியின் காருக்கும் மணல் லாரிக்கும் ஒரே மாதிரிதான் நின்றது. அதனிடம் சிபாரிசு செல்லாது.

அப்போதும் விபத்துகள் நடந்தன. மரத்தில் மோதிய லாரிகளையும், பாலத்திலிருந்து கவிழ்ந்த பஸ்களையும் நாங்கள் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறோம். அந்த ரோடு பாதுகாப்பானது என்று நான் சொல்ல வரவில்லை. அது ஓட்டுகிறவர் மனதில் பயத்தை வைத்திருந்தது என்பதுதான் விஷயம்.

நான்கு வழிச்சாலை வந்தது. மரங்கள் போயின, வளைவுகள் நிமிர்ந்தன, நடுவே அரளிச்செடியோடு சென்டர் மீடியன் வந்தது. எதிரெதிரே மோதும் ஆபத்து குறையும் என்று எல்லோரையும் போல நானும் மகிழ்ந்தேன். எட்டு மணி நேரப் பயணம் ஐந்தரை, ஆறு மணி நேரமானது. ஆனால் 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிகம் இங்கேதான். அவற்றில் இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு நாற்பத்தொன்பது உயிர். அதே ஆண்டில் நாடு முழுவதும் நடந்த சாலை மரணங்களில் பத்தில் ஏழுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. வண்டிகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியதும் இதற்கு ஒரு காரணம்தான். என்றாலும், நல்ல ரோட்டைக் கையில் வாங்கிய நாம் அதற்கேற்ற பழக்கத்தைக் கற்றுக்கொள்ளவில்லை.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஓர் இரவில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆம்னி பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தேன். மீடியனை ஒட்டிய வலது லேனில் எங்கள் பஸ் பறந்துகொண்டிருந்தது. அதே லேனில் எதிரே ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். விளக்கு எரியவில்லை. பின்னால் புல்லுக்கட்டு, அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஓர் அம்மா. டிரைவர் இடதுபக்கம் ஒடித்து பிரேக்கை மிதித்ததில் பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. அந்த இருவரும் பிழைத்தார்கள். "ராங் சைடுல வர்றான் பாரு" என்று பின்சீட்டில் ஒருவர் கத்தினார். ராங் சைடுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மனிதரின் வயல் ரோட்டுக்கு ஒரு பக்கம், வீடு மறுபக்கம். சரியான பக்கத்தில் போனால் யூ டர்ன் எங்கோ தொலைவில் இருக்கிறது. ஊரை இரண்டாக வெட்டிப் போட்ட சாலையில் நூறில் வருகிற பஸ்ஸும், இருபதில் வருகிற புல்லுக்கட்டும் சந்திக்கத்தான் செய்யும்.

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் வண்டி 14 மீட்டர் ஓடிவிடும். நூறில் 28 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு வேண்டிய தூரமோ இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. எப்பேர்ப்பட்ட கைதேர்ந்த டிரைவரும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

சட்டம் சும்மா இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிவேகத்துக்கு முதல்முறை அபராதம் அதிகபட்சம் 400 ரூபாய். 2019 திருத்தத்தில் அது காருக்கு 1,000 முதல் 2,000 வரை, லாரி, பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000 வரை என்று உயர்ந்தது. சென்னையில் 2023 நவம்பர் முதல் காருக்கு 60, பைக்குக்கும் கனரக வண்டிகளுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வரம்பு வைத்தார்கள். 2019 ஜூலைக்குப் பின் தயாரான கார்கள் எண்பதைத் தொட்டால் எச்சரிக்கும், நூற்றிருபதைத் தாண்டினால் விடாமல் கத்தும்.

அந்தச் சத்தத்தை நாம் என்ன செய்தோம்? ஒரு கால் டாக்ஸியில் அது கத்தத் தொடங்கியதும் டிரைவர் தம்பி பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். "அது அப்படித்தான் சார் கத்திக்கிட்டே இருக்கும்" என்றார். சீட் பெல்ட் போடாமலே போட்டதாகக் காருக்குக் காட்டும் கிளிப்பை விலை கொடுத்து வாங்குகிறோம். அவற்றை விற்கக் கூடாது என்று 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அன்றைக்கு எதிரே வருபவரின் கண் கூசக் கூடாது என்று டிம் அடித்த அதே விளக்கை, இன்று "முன்னால போலீஸ் நிக்குது" என்று சொல்ல அடிக்கிறோம். எச்சரிக்கை கிடைத்த வண்டி ஒரு கிலோமீட்டர் தூரம் அறுபதில் ஊர்ந்துவிட்டு, போலீஸைத் தாண்டியதும் மறுபடி பறக்கிறது.

அபராதத்தை இன்னும் கூட்டுவதால் இது தீராது. மாட்டினால் பத்தாயிரம் என்றாலும், மாட்டமாட்டோம் என்ற நம்பிக்கை இருந்தால் யாரும் காலை எடுக்கமாட்டார்கள். தொகை சிறியதாக இருந்தாலும் தப்ப முடியாது என்று தெரிந்தால் எடுப்பார்கள். புளியமரத்துக்கு இருந்த அந்தப் பாரபட்சமின்மையைத்தான் நாம் திரும்பக் கொண்டுவர வேண்டும், உயிரைக் கேட்காத வடிவத்தில்.

அதற்கான கருவி ஏற்கெனவே ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். விக்கிரவாண்டி டோலை எத்தனை மணிக்குக் கடந்தோம், அடுத்த டோலை எத்தனை மணிக்குக் கடந்தோம் என்பது பணம் பிடிக்கும்போதே பதிவாகிவிடுகிறது. அறுபது கிலோமீட்டரை முப்பது நிமிடத்தில் ஒரு வண்டி கடந்தால், அதன் சராசரி வேகம் 120. கேமராவைக் கண்டு குனிந்து, பிறகு நிமிர்கிற வித்தை இந்தக் கணக்கிடம் பலிக்காது. இரண்டு இடங்களில் கேமரா வைத்து நம்பர் பிளேட்டைப் படித்து இப்படிச் சராசரி பார்க்கும் முறை பிரிட்டனில் பல ஆண்டுகளாக இருக்கிறது. மின்னணுக் கண்காணிப்புக்கு நம் சட்டத்திலும் 2019இலேயே இடம் வந்துவிட்டது. கேமராவில் பதிவான குற்றத்துக்குப் பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்று 2021இல் விதியும் வந்தது. நோட்டீஸ் தவறாமல் போகவும் வேண்டும், எம்எல்ஏவின் கட்சிக்கொடி கட்டிய காருக்கும் போக வேண்டும்.

கேமரா மட்டும் போதாது. புல்லுக்கட்டோடு வந்தவர்களுக்குச் சுரங்கப்பாதையோ, பக்கத்திலேயே சர்வீஸ் ரோடோ கொடுக்காமல் அவர்களை மட்டும் திட்டுவதில் நியாயம் இல்லை. ஆம்னி பஸ்ஸுக்கு வரும் நோட்டீஸும் சம்பளத்துக்கு ஓட்டுகிறவரோடு நின்றுவிடக் கூடாது. அந்த வேகம் இல்லாமல் முடிக்க முடியாதபடி நேரம் போட்டுக் கொடுத்த முதலாளியையும் அது கேள்வி கேட்க வேண்டும்.

அந்த நேரத்தைப் போட வைத்தவர்களில் பயணிகளான நாமும் இருக்கிறோம். டிக்கெட் எடுக்கும்போது, "எத்தனை மணிக்குச் சென்னையில இறக்கிவிடுவீங்க?" என்றுதான் கேட்கிறோம். அரை மணி முன்னால் சேர்க்கிற பஸ்ஸுக்கு நல்ல பஸ் என்று பெயர் வைக்கிறோம். அரை மணி தாமதமாக இறங்க நாம் தயாரானால், டிரைவரும் காலைக் கொஞ்சம் எடுப்பார். "மெதுவாப் போங்க அண்ணே, ஒண்ணும் அவசரமில்ல" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தால், அதை மறுத்துப் பேசுகிற டிரைவர்கள் குறைவு. அந்தக் குரலைக் கொடுக்க எந்த அரசாணையும் தேவையில்லை.